கீர்த்தனா ஏன் நன்றாகத் தூங்குகிறாள்?

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒட்டன்சத்திரத்தில் எங்கள் வீட்டுக்கும் கீர்த்தனா வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். என் கணவர் காமராஜ் காய்கறி லாரி ஓட்டுகிறார். அவள் கணவன் மோகன்குமார் அதே வண்டியில் மாற்று ஓட்டுநர். சாயங்காலம் தக்காளி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குக் கிளம்பினால், மறுநாள் காலை ஆறு மணிக்கு 'வந்து சேந்துட்டோம்' என்று போன் வரும்வரை எனக்குப் பச்சைத் தண்ணீர் இறங்காது. அவளோ குறட்டை விடுவாள். சுவர் வழியாகக் கேட்கும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கீர்த்தனா கல்நெஞ்சுக்காரி. புருஷனைப் பற்றி ஒரு நாளாவது…'

(அடித்துவிட்டேன். போன மாதம் நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள் அவள்தான்.)

பிறகு கதையில் அவளைக் கவலைப்பட வைத்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம் போட்டேன். தலைமுடியைக் கொட்ட வைத்தேன். எழுத எழுத அவ்வளவு சந்தோஷம்.*

* முகம் சுளிக்காதீர்கள். உங்கள் பக்கத்து வீட்டிலும் யாரோ நன்றாகத்தான் தூங்குகிறார்கள்.

3

நேற்று மனம் பொறுக்காமல் கேட்டே விட்டேன்.

"ஏன்டி, உனக்குப் பயமே இல்லையா?"

"எனக்கு எதுக்குங்க்கா? வண்டி ஒண்ணுதான! ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் நீங்க பயப்படுறீங்களே." சிரித்தாள். "போன் வராம நீங்க அடுப்புப் பத்தவைக்க மாட்டீங்க. உங்க குக்கர் விசில் கேட்டா, அவரு போய்ச் சேந்தாச்சுன்னு திரும்பிப் படுத்துக்குவேன்."

அடிப்பாவி! என் கவலையில் அல்லவா இத்தனை நாள் தூங்கியிருக்கிறாள்! பொறாமை இரண்டு மடங்காயிற்று.

4

இன்று மணி ஏழரை. போன் வரவில்லை. இருவர் போனும் சுவிட்ச் ஆஃப். அவள் இப்போதுதான் எழுந்து டிவி போட்டிருக்கிறாள். நான் அரிசி போட்ட குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, பற்றவைக்காமல், இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முடிவு ஒன்று: பற்றவைக்கிறேன். விசில் வருகிறது. அவள் நிம்மதியாக இருக்கிறாள், நான் மட்டும் செத்துப் பிழைக்கிறேன்.

முடிவு இரண்டு: பற்றவைக்கவில்லை. அவளும் கொஞ்சம் அனுபவிக்கட்டும்.

முடிவு மூன்று: போன் வருகிறது. பேசுவது காமராஜ் இல்லை, வேறு யாரோ… (வேண்டாம்.)

எனக்கு இரண்டாவதில்தான் ஆசை. அதை எழுதத் தொடங்கும்போதே அந்தப் பக்கம் டிவி சத்தம் நின்றது.

"அக்கா… இன்னும் சமைக்கலீங்களா?"

குரல் நடுங்குகிறது. இத்தனை நாள் நான் கேட்க ஆசைப்பட்ட குரல் இதுதான். கேட்கச் சகிக்கவில்லை. லைட்டர் கையில் இருக்கிறது. என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லுங்கள், சீக்கிரம், அவள் செருப்பு மாட்டும் சத்தம் கேட்கிறது.