புத்திமதி தீர்ந்தாத்தான் ஆபரேஷன்

மேலக்கரிசல் ஜி.எச்.ல வயித்தைக் குறைக்கிற ஆபரேஷன் இலவசம்தான். ஆனா அதுக்கு முன்னாடி, ஊர்க்காரங்க தொண்டையில நோயாளிக்குச் சொல்ல ஒரு புத்திமதிகூட மிச்சம் இருக்கக் கூடாது. கவர்மென்ட்டு யோசனையில தப்பு சொல்ல முடியாது. காசில்லாத வைத்தியம் ஊரு முழுக்கக் குமிஞ்சு கெடக்கும்போது, வரிப்பணத்தைப் போட்டு எதுக்கு வயித்தை வெட்டணும்?

அதனால சங்கவி ஓ.பி. வராந்தாவுல பெஞ்சு மேல உக்காந்திருந்தா. பி.எஸ்சி. பிசிக்ஸ் ரெண்டாம் வருஷம். டவுன் பஸ்ல ரெண்டு பேரு சீட்டுல தனியா உக்கார்றவ. அதை யாராவது திரும்பிப் பார்த்தா ரெண்டு டிக்கெட்டையும் மூஞ்சிக்கு நேரா ஆட்டிக் காட்டுறவ.

பக்கத்துல அவ அம்மா பேச்சியம்மா தலை ஆடி ஆடி விழுந்துக்கிட்டிருந்தா. சங்கவி தூங்கினா கழுத்துச் சதை அமுக்கி மூச்சு நின்னுபோகும். நிக்கிற நேரமெல்லாம் பேச்சியம்மா தோளைத் தொட்டு, "ஏட்டி, மூச்சு விடு"ன்னு மெதுவாச் சொல்லுவா. உடனே மூச்சு வரும். இதுக்காகவே அவ ராத்திரி தூங்குறதில்ல. போன மாசம் தையல் மெஷின்ல கண்ணசந்து, யாரோ ஒருத்தியோட ஜாக்கெட்டுல தன் சேலை முந்தானையையும் சேர்த்துத் தச்சுட்டா. அந்தம்மா ஜாக்கெட்டை வாங்கிட்டுக் கெளம்பினப்ப இவளும் கூடவே தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்தா.

வரிசை ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் நின்னுச்சு. ஒவ்வொருத்தரா வந்து சொன்னாங்க. கொள்ளு குடி. சோத்தைக் குறை. நாங்க எல்லாம் அந்தக் காலத்துல எம்புட்டு நடந்தோம். எல்லாரும் பொதுவாச் சொன்னது, வாயைக் கட்டு. வீட்டுல எத்தனை தடவ சொன்னாலும் தீராதது, அந்த பெஞ்சு முன்னாடி ஒரு தடவ சொன்னா சொன்னவங்க தொண்டையை விட்டுப் போயிரும், திரும்ப வராது. ஹெலன் சிஸ்டர் அவங்க தொண்டையில ஸ்டெதஸ்கோப்பை வெச்சுப் பார்த்து, இரைச்சல் இல்லன்னா போகச் சொல்லுவாங்க.

பரமசிவம் அண்ணாச்சி வந்தப்ப மட்டும் வரிசை கொஞ்சம் நின்னுச்சு.

"தெனமும் கம்மாக்கரையைச் சுத்தி நடம்மா. எங்க வரிப்பணத்துலயா உனக்கு வயித்தை வெட்டணும்?"

"அண்ணாச்சி, போன வருஷம் உங்க நெஞ்சுல குழாய் வெச்சாங்கள்ல. அது யாரு வரிப்பணம்?"

"அதுவும் கவர்மென்ட்டுதான்."

"பீடியை விடுங்கன்னு சொல்ல இப்படி வரிசை கட்டி யாராவது வந்தாங்களா?"

"வரலையே."

"ஏன் வரல?"

"அது நோவும்மா. இது வாயி."

"உங்க பீடி மூக்கு வழியாவா போச்சு?"

அண்ணாச்சி யோசிச்சுப் பார்த்தாரு. பதில் இருந்திருக்கும், ஆனா தொண்டை ஏற்கெனவே காலியாயிருச்சு. சிஸ்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துட்டு, "நீங்க போலாம்"னாங்க. அவரு வெளிய போய் ஒரு பீடியைப் பத்த வெச்சாரு.

ஊரு அமைதியாச்சு. டீக்கடையில குண்டா ஒருத்தரு வந்து உக்காந்தா எல்லாரும் வாயைத் தொறப்பாங்க, ஒண்ணும் வராது, தொறந்த வாய்க்கு ஒரு வடையைப் போட்டுக்கிட்டு மூடிக்குவாங்க. வடை யாவாரம் நல்லா இருந்துச்சு.

கடைசியா டாக்டர் இம்மானுவேல் வந்து, "ஊரு முடிஞ்சுது. வீடுதான் பாக்கி"ன்னாரு. பேச்சியம்மா தொண்டையில ஸ்டெதஸ்கோப்பை வெச்சாரு. உள்ள ஒண்ணே ஒண்ணு சன்னமா இரைஞ்சுக்கிட்டிருந்துச்சு.

"என்னம்மா இது?"

"அது... மூச்சு விடுன்னு சொல்றது சார்."

"அதையும் சொல்லிருங்க. நாளைக்கே ஆபரேஷன் பண்ணிரலாம்."

பேச்சியம்மா சொல்லல. சேலையால வாயைப் பொத்திக்கிட்டா.

சங்கவிதான் கேட்டா. "ஆபரேஷன் பண்ணின உடனே மூச்சு சரியாயிருமா சார்?"

"உடனே எப்படிம்மா? சதை கரையணும். மாசக்கணக்காகும்."

"அதுவரைக்கும் எனக்கு மூச்சு நின்னா யாரு சொல்லுவா?"

"ஊருல வேற யாராவது..."

"ஊரைத்தான் காலி பண்ணிட்டீங்களே சார்."

டாக்டர் ஆமான்னு தலையாட்டினாரு. சொன்னா ஆபரேஷன் உண்டு, மூச்சு நின்னா எழுப்ப ஆளில்ல. சொல்லலைன்னா மூச்சு உண்டு, ஆபரேஷன் இல்ல. பேச்சியம்மா இன்னும் வாயைப் பொத்தியே இருந்தா. அவ கண்ணு மட்டும் மூடி மூடித் தொறந்துச்சு.

"சார், புத்திமதி ஓகே. திட்டு?"ன்னா சங்கவி.

"திட்டு திட்டத்துல வராது. திட்டுறதால யாரும் குணமானதா கவர்மென்ட்டு ஒத்துக்கிடல."

"அப்ப அது தொண்டையிலயே இருக்கலாமா?"

"தாராளமா."

"யம்மா, அதையே திட்டா மாத்திரு."

பேச்சியம்மாவுக்குத் திட்டிப் பழக்கமில்ல. தொண்டையைச் செருமிக்கிட்டு, மனசுக்குள்ளயே முக்கிப் பார்த்தா. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வெச்சு, "மாறலம்மா, இன்னும் பாசமாத்தான் இரைச்சல் கேக்குது"ன்னாரு.

சங்கவி அம்மா பக்கம் திரும்பி உக்காந்தா.

"உன்னை யாரு ராத்திரி முழிக்கச் சொன்னா? நானா கேட்டேன்? தூக்கத்துல மூச்சு நிக்கலை, நாந்தான் வேணும்னே நிறுத்துறேன். நீ பேய் மாதிரி பக்கத்துல உக்காந்திருக்கிறது புடிக்கல. இத்தனை வருஷம் தூங்காம என்னத்தைக் கிழிச்ச? ஊராம்புட்டுப் பேருக்கும் என்னைப் பத்திப் பேச வாயி இருந்துச்சு. உனக்கு என்னைத் திட்ட ஒரு வாயி இருந்துச்சா?"

பேச்சியம்மா கண்ணு ரெண்டும் நல்லாத் தொறந்துச்சு. சேலை வாயை விட்டு நழுவுச்சு. தூங்காத ராத்திரி அத்தனையும் ஒண்ணா மேல ஏறி வந்துச்சு.

"மூச்சு விடு மூதேவி!"

வராந்தாவுல கட்டியிருந்த கொசுவலை எல்லாம் ஒரு தடவ உப்பி இறங்குச்சு. டாக்டர் மறுபடி வெச்சுப் பார்த்தாரு.

"சுத்தமா மாறிருச்சு. இது உங்களுதும்மா, நீங்களே வெச்சுக்கோங்க."

மறுநாள் ஆபரேஷன் நடந்துச்சு. வயித்துல முக்காவாசியை வெட்டி எடுத்து ஒரு கண்ணாடிப் பாட்டில்ல போட்டு, கவர்மென்ட்டு சொத்துங்கிறதால வார்டு அலமாரியிலயே வெச்சாங்க. சங்கவி கண்ணு முழிச்சப்ப மத்தியானம். கட்டிலுக்குக் கீழ பாயில பேச்சியம்மா படுத்திருந்தா. வாயைத் தொறந்துக்கிட்டு, ஒரு கை கட்டில் காலைப் புடிச்சபடி, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினா. அம்மா இப்படிப் படுத்துத் தூங்கி சங்கவி பார்த்தது அதுதான் முதல் தடவ. தூக்கத்துல அம்மா யாரோ சின்னப் பொண்ணு மாதிரி இருந்தா.

சங்கவி சும்மா மூச்சைப் புடிச்சுப் பார்த்தா.

பேச்சியம்மா கண்ணைத் தொறக்கல. புரண்டு படுத்து, "மூச்சு விடு மூதேவி"ன்னா.

சங்கவி விட்டா. பக்கத்துக் கட்டில்காரங்களும் விட்டாங்க. அலமாரியில பாட்டில்ல இருந்த முக்கால் வயிறும் ஒரு மூச்சு விட்டுச்சு. மூடி லேசாத் தூக்கி இறங்குச்சு. ஹெலன் சிஸ்டர் வந்து, உள்பக்கம் படிஞ்ச ஆவி கலையட்டும்னு கொஞ்ச நேரம் பார்த்துட்டு, மூடியை ஒரு சுத்து தளர்த்தி விட்டுட்டுப் போனாங்க.