'பஸ்ட்' என்று கேட்ட குரல்

2019 மார்ச் 9 அன்று, டிரோல் மலைநாட்டில் வென்ட் ஊருக்கு மேலே உள்ள சரிவில் கெப்ஹார்டின் இடது பனிச்சறுக்குப் பலகை பாதி வழியில் கழன்றது. அவன் பாறைகளில் விழுந்து இறந்தான்.

அடுத்த குளிர்காலத்தில் அவன் மனைவி புர்கி அதே பலகைகளோடு அந்தச் சரிவின் உச்சியில் நின்றாள். அவன் விழுந்த இடத்தைத் தாண்டினால்தான் தூக்கம் வரும் என்று நினைத்தாள். அன்று கெப்ஹார்டோடு இருந்த லொய்ஸ் உடன் வந்திருந்தான்.

பூட்ஸ் முனையை அழுத்தினாள். அதைப் பலகையோடு பிடிக்கும் முன்பிடியின் இரண்டு ஊசிகளும் 'டக்' என்று மூடின.

"பஸ்ட்" என்றது ஒரு குரல். எல்லாம் சரி என்பதற்கு அங்கே அதுதான் சொல். அன்று இதே சத்தம் கேட்டதும் கெப்ஹார்ட் கடைசியாகச் சொன்னதும் அதுவே.

"நீயா சொன்னே?"

"நான் வாயே திறக்கல புர்கி. பயமா இருந்தா பிடியப் பூட்டிக்கோ."

"பூட்டிட்டா, பனிச்சரிவு வந்தாலும் கழலாது. பலகை என்னையும் சேத்துப் புதைச்சிடும். நீயா தோண்டுவே?"

"தோண்டுவேன், திட்டிக்கிட்டே."

அவள் பலகையைக் கழற்றி, பிடியின் அடியில் கத்தி முனையால் குடைந்தாள். நகமளவு பனிக்கட்டி வந்தது. அது இருந்தாலும் சத்தம் கேட்கும். ஆனால் ஊசிகள் முழுதாக மூடாது. ஊசிகள் நுழையும் பூட்ஸ் துளைகளையும் சுரண்டினாள். மறுபடி மாட்டி, காலைப் பலமுறை ஆட்டி, பக்கவாட்டில் உதைத்துப் பார்த்தாள்.

"இப்போ பஸ்ட்டா?" என்றான் லொய்ஸ்.

அவள் அந்தப் பாறைகளைத் தாண்டி இறங்கினாள். வென்ட் வரை பலகை கழலவில்லை.