ஓடைக்கு உயர்ந்த பதினொரு கைகள்

நொயெலி மூன்று வாரமாக வீடு வீடாக ஏறி இறங்கினாள். போர்த்து அலெக்ரே நகராட்சி வருஷத்துக்கு ஒரு முறை கூட்டம் போட்டு, உங்கள் பகுதிக்கு முதலில் எந்த வேலை வேண்டும் என்று கேட்கும். ஒரு பகுதிக்கு ஒரு வேலை. கூட்டத்துக்கு வந்தவர்கள் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன்னால் ஆட்களின் மனசைத் தெரிந்துகொண்டால் நல்லது என்று குடியிருப்போர் சங்கத்தில் சொன்னார்கள். நொயெலி ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

போகிற வீட்டிலெல்லாம் சுரைக்குடுவையில் கசப்புத் தேநீர் ஊற்றி நீட்டினார்கள். வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள். வெந்நீர்ப் பிளாஸ்க் காலியாகும்வரை குடுவை கைமாறிக்கொண்டே இருக்கும். பேச்சும் அதோடு சுற்றிச் சுற்றி வரும். ஒரு நாளைக்கு நாலு வீட்டுக்கு மேல் அவளால் முடிக்க முடியவில்லை.

ஒருத்தர் பேருந்து மேட்டோடு திரும்பிவிடுகிறது என்றார். ஒருத்தி தெருநாய்களைப் பற்றி அரை மணி நேரம் சொன்னாள். பந்து மைதானத்துக்குப் பக்கத்தில் சாராயக்கடை வைத்திருந்த ஒத்தசீலியோ மைதானத்துக்கு விளக்கு வேண்டும் என்றார். இருட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைத்தான் கெட்டவர்கள் தேடி வருகிறார்கள் என்பது அவர் கட்சி. விளக்கு வந்தால் கடையில் கூட்டம் கூடும் என்பதை அவர் சொல்லவில்லை. நொயெலியும் கேட்கவில்லை, அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது.

மேட்டுத் தெருவில் செலோயி, சாலை வேண்டும் என்றாள். அவள் மகள் மரிசேத்திக்குப் பிறவியிலேயே கால் விளங்காது. சக்கர நாற்காலி மேட்டு மண்பாதையில் ஏறாது. மழைக்காலம் முழுக்க அந்தப் பெண் ஜன்னலோரத்திலேயே இருந்தாள்.

"நீ ஓடையத்தான் எழுதிக்குவ, எனக்குத் தெரியும்" என்றாள் செலோயி. "எழுதிக்க. ஆனா என் வீட்டுப் பேரையும் சேத்துடாத."

"நீ சொன்னத மட்டுந்தான் எழுதுவேன் அக்கா. சாலைன்னே போட்டிருக்கேன், பாரு."

செலோயி நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள்.

நொயெலிக்கு வேண்டியது ஓடைக்குக் கல்கரையும் மூடியும். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ஓடை வீட்டுக்குள் வந்தது. அவள் புருஷன் ஜாந்தீர் முழங்கால் தண்ணீரில் நின்று சாமான்களை மேலே ஏற்றினான். பத்து நாளில் எலிக்காய்ச்சல். உடம்பெல்லாம் மஞ்சளாகி, இரண்டாவது ஞாயிறு பூசைக்கு மணி அடிக்கிற நேரத்தில் போய்விட்டான். அவனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கு அவள் கடலோடிகளின் மாதா படத்துக்கு முன்னால் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: இந்தத் தெருவில் இன்னொருத்தர் இப்படிப் போகக் கூடாது.

நோட்டில் அறுபத்து மூன்று வீடுகள் சேர்ந்தன. அதில் நாற்பத்தொரு வீடு ஓடை என்றது. அவள் விரல் வைத்து இரண்டு முறை எண்ணினாள்.

கூட்டம் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில். ஓடைத் தெருவிலிருந்து எல்லாரும் சேர்ந்தே ஏறுவது என்று பேச்சு. காலை பத்து மணிக்குத் தெற்குக் காற்று வீசியது. பதினொரு மணிக்கு மழை பிடித்தது.

இரண்டு மணிக்குத் தெருமுனையில் முப்பது பேர் குடையோடு நின்றார்கள். எல்லாருடைய முகமும் ஓடைப் பக்கமே திரும்பியிருந்தது. முதலில் ஒரு பெண், குளிர்பெட்டியை மேசைமேல் ஏற்றிவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று போனாள். பிறகு அவள் மைத்துனன். பிறகு மூன்று வீட்டுக்காரர்கள் ஒன்றாக. எவரும் வர மாட்டேன் என்று சொல்லவில்லை. இதோ வந்துவிடுகிறேன் என்றுதான் சொல்லிப் போனார்கள்.

நொயெலி மிச்சம் இருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறும் படியில் கால் வைத்தபோது எரொந்தினா தன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் புருஷன் வால்தொமீரோ வாதம் வந்து ஒரு வருஷமாகக் கட்டிலில் கிடந்தார். எரொந்தினா கூப்பிடவில்லை. வாசலில் நின்றாள், அவ்வளவுதான். அவள் கணுக்கால்வரை தண்ணீர் ஏறியிருந்தது.

நொயெலி மேட்டைப் பார்த்தாள். மணி இரண்டே முக்கால். மாதாவே, இது என்ன சோதனை என்று நினைத்தாளே தவிர, அவள் கால் அதற்குள் கீழே இறங்கிவிட்டது. நாலு பேர் சேர்ந்து கட்டிலை ஆளோடு தூக்கினார்கள். சுவரோரம் கிடந்த இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் வைத்தார்கள். வால்தொமீரோ பேச முடியாமல் அவளையே பார்த்தார்.

"போ, போ. நான் பாத்துக்குறேன்" என்றாள் எரொந்தினா. "எங்க ரெண்டு பேர் கையையும் சேத்து நீயே தூக்கிடு."

பள்ளிக்கூடத்துக்குள் நனைந்து நுழைந்தபோது நொயெலியோடு சேர்த்து ஓடைத் தெருக்காரர்கள் பதினொரு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். மேட்டுத் தெருக்காரர்களும் மைதானத்துக்காரர்களும் நாற்காலிகளை நிறைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் உடம்பில் ஈரம் படவில்லை. அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. மேட்டில் மழை பெய்தால் கீழேதான் ஓடும்.

நகராட்சியிலிருந்து வந்த பெண் சின்ன வயசுக்காரி. மரியாதையாகவே பேசினாள். கரும்பலகையில் மூன்று வேலைகளை எழுதினாள்: விளக்கு, சாலை, ஓடை. யாராவது பேச வேண்டுமா என்றாள். நொயெலி எழுந்தாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. நோட்டை முன்னால் நீட்டிப் பிடித்தாள்.

"எங்க தெருவுல யாரும் சோம்பேறித்தனமா வராம இல்ல தாயி. தண்ணி வீட்டுக்குள்ள வந்துருச்சு, அதனாலதான் வரல. தண்ணி வரக்கூடாதுன்னு கையத் தூக்க வேண்டியவங்க, தண்ணி வந்ததால கட்டிலத் தூக்கிட்டு நிக்கிறாங்க. இந்தா, நாப்பத்தொரு வீடு. அவங்க சொன்னத அவங்க முன்னாலயே எழுதினேன்."

அந்தப் பெண் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். அவள் கண் கலங்கியதை முன்வரிசைக்காரர்கள் பார்த்தார்கள். இது மக்கள் கருத்துதான், ஆனால் ஓட்டு இல்லை என்றாள். வந்தவர்கள் கையைத்தான் எண்ண முடியும். தேதியை மாற்றுகிற அதிகாரம் தனக்கு இல்லை. நோட்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

எண்ணினார்கள். விளக்குக்கு முப்பத்தெட்டு. சாலைக்கு முப்பத்தொன்று. ஓடைக்குப் பதினொன்று.

எதற்கும் பாதிக்கு மேல் வராததால், கடைசியில் இருப்பதைத் துடைத்துவிட்டு மற்ற இரண்டுக்கும் மறுபடி கை தூக்க வேண்டும். அந்தப் பெண் ஈரத்துணியால் ஓடை என்ற சொல்லைத் துடைத்தாள்.

"வா அக்கா, போகலாம்" என்றான் நொயெலியோடு வந்த டிரைவர் ஜோவெலீனோ. "நம்ம வீடு முங்குது. இவங்க சாலைல தேர் இழுத்தா என்ன, மைதானத்துல கல்யாண விளக்கு கட்டினா நமக்கென்ன?"

மற்றவர்களும் குடையை எடுத்தார்கள். நொயெலிக்கும் எழுந்துவிட வேண்டும்போலத்தான் இருந்தது. மனசுக்குள் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். செலோயி நோட்டை வாங்கிச் சரிபார்த்தது நினைவுக்கு வந்தது. எதிர்வரிசையில் செலோயி முன்சீட்டைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தாள். இவர்கள் பக்கம் அவள் பார்க்கவில்லை. இவர்களிடம் ஆதரவு கேட்கிற தகுதி தனக்கு இல்லை என்று நினைத்திருப்பாள்.

"ஒரு நிமிஷம் உக்காரு தம்பி" என்றாள் நொயெலி. "செலோயி மக நாலு மாசமா வெளிய வரல. நமக்குக் கிடைக்கலங்கிறதுக்காக அவளுக்கும் கிடைக்காமப் போகணுமா?"

"நம்ம வீட்டுக்கு அவங்க வந்தாங்களா?"

"வரல. நாம கையத் தூக்குவோம்."

ஜோவெலீனோ வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். ஆனால் உட்கார்ந்தான். விளக்குக்கு முப்பத்தெட்டுக் கைகள் உயர்ந்தன. சாலைக்கு என்றதும் நொயெலி கையைத் தூக்கினாள். அவளைச் சுற்றிப் பத்துக் கைகளும் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியபடி ஒவ்வொன்றாக மேலே போயின. சாலைக்கு நாற்பத்திரண்டு.

ஒத்தசீலியோ தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனார். செலோயி இருந்த இடத்திலேயே முகத்தை மூடிக்கொண்டாள். நொயெலி நின்று பார்க்கவில்லை. படி இறங்கி ஓடினாள்.

கீழே தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். எரொந்தினா புருஷன் கட்டிலுக்குப் பக்கத்தில், மேசை விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னாச்சு?"

நொயெலி சொன்னாள். எரொந்தினா வால்தொமீரோவின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். அடுத்த கூட்டத்துக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. டாக்டர் அவருக்கு அவ்வளவு நாள் கொடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

"மாதா கேக்கலையேன்னு நினைக்கிறியா?" என்றாள் எரொந்தினா.

"நினைச்சேன். படியில வரும்போது நினைச்சேன்."

இருட்டுவதற்கு முன்னால் மழை நின்று தண்ணீர் வடியத் தொடங்கியது. தரையில் கறுப்பாகச் சேறு தங்கியது. அப்போது வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. செலோயி. ஒரு கையில் துணி சுற்றிய பெரிய கெண்டி, மறு கையில் புதுச் சோப்பு. மேட்டிலிருந்து வெந்நீரைச் சுடச்சுடத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே வரலாமா என்று கேட்கத் தெரியாமல் நின்றாள்.

"இங்க அடுப்பு எரியாதுன்னு மரிசேத்தி சொன்னா" என்றாள். "நொயெலி, அடுத்த வருஷம் எங்க தெரு முழுக்க ஓடைக்குத்தான். நான் ஒவ்வொரு வீடாப் போயிச் சொல்றேன்."

அடுத்த வருஷம் என்ற பேச்சைக் கேட்டதும் எரொந்தினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நொயெலி கட்டிலைப் பார்த்தாள். தூக்கி வைத்த அவசரத்தில் வால்தொமீரோவின் இரண்டு கால்களிலும் சேறு பட்டிருந்தது.

"அதைப் பிறகு பேசுவோம் அக்கா. தண்ணி ஆறிடப்போகுது, இங்க கொண்டா."

செலோயி சேற்றில் இறங்கி வந்து கெண்டியைச் சாய்த்தாள். நொயெலி சோப்பைக் குழைத்து அவருடைய பாதங்களை விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினாள். பிறகு எரொந்தினாவின் காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.