ஓர் இருமல் சத்தம்

படுத்த படுக்கையான மனைவியைத் தனியாளாகப் பார்த்துக்கொள்ளும் தையல்காரரை, "அண்ணிகிட்ட நான் இருக்கேன், போயிட்டு வாங்கண்ணே" என்று வீட்டுக்கு வந்துபோகும் கன்னியர் மடத்து சிஸ்டர்தான் மாதா கோயில் கூடத்துக்கு விரட்டியிருந்தார். வீட்டில் நோயாளியைக் கவனிப்பவர்களுக்காகக் கோயில் தொண்டுச் சங்கம் நடத்தும் கூட்டம் அது.

'நான் படுற பாடு இவங்களுக்கு என்ன தெரியும்?' என்று கடுகடுத்தபடி கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். பாதிரியார் பேசத் தொடங்கினார்.

ஜன்னலுக்கு வெளியே யாரோ இருமினார்கள்.

தையல்காரர் துள்ளி எழுந்துவிட்டார். வீட்டில் அந்தச் சத்தம் கேட்டதும் மனைவியின் தலையைத் தூக்கிப் பிடிக்க ஓடியே பழக்கம். வெட்கத்தோடு சுற்றிலும் பார்த்தார்.

கூடம் முழுக்க எழுந்து நின்றிருந்தது.

"தோட்டக்காரர்தாங்க, உட்காருங்க. பூசையிலகூட நீங்க இப்படி ஒண்ணா எழுந்ததில்ல..." சிரிக்கப் போன பாதிரியார், நின்றவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டு, பேச வைத்திருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.