பிசிறு

கலைக்கூடத்தில் நுழைவுச்சீட்டு கொடுக்கிற பெண் என்னைப் பார்த்ததும் வழக்கம்போல ஒரு சீட்டைக் கிழித்தாள். "இன்னைக்கு ரெண்டு" என்றேன். அவள் எட்டிப் பார்த்தாள். எனக்குப் பின்னால் என் மனைவி, கைப்பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வாசலில் நிற்கிற இரும்புக் குதிரையை முறைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருஷமாக ஞாயிறு மதியங்களில் ஒண்டியாக வருகிற ஆள் இன்று ஜோடியாக வந்திருக்கிறான் என்று நினைத்தாளோ என்னவோ, சிரித்தபடி இன்னொரு சீட்டைக் கிழித்தாள். எனக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

போன வாரம் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் இருந்த சீட்டை என் மனைவி பார்த்துவிட்டாள். "ஓவர்டைம்னு சொல்லிட்டு இங்கதான் போறீங்களா?" என்று கேட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. ஆமாம் என்றேன். "வாலு காலு அங்கதான் இருக்கா?" அதற்கும் ஆமாம் என்றேன். சண்டை போடுவாள் என்று பார்த்தேன், போடவில்லை. கையிலிருந்த சோப்பைக் கீழே வைத்தாள். "என்னையும் கூட்டிட்டுப் போங்க. மொகம் போட்டோல இருக்கு. மத்ததெல்லாம் எனக்கு மறந்துக்கிட்டே வருது" என்றாள்.

வாலு எங்கள் மகள். பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் வேறு பெயர். ஆனால் ஓரிடத்தில் உட்காராத பிள்ளையை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? ஒன்பது வயதில், நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். இரண்டு வருஷம் ஆகிறது.

நான் வெண்கல வார்ப்புப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். அச்சை உடைத்து எடுக்கும்போது எந்த வார்ப்பும் சுத்தமாக வராது. உலோகம் இண்டு இடுக்கெல்லாம் கசிந்து, அங்கங்கே முடிச்சும் முள்ளுமாக நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர் பிசிறு. அதை உளியால் வெட்டி, அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அப்படி ஒன்று இருந்ததே தெரியாமல் செய்வதுதான் என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக இதையே செய்வதால் பட்டறையில் எனக்குப் பேரே பிசிறு. கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் ஒரு தடவு தடவினால் எங்கே என்ன துருத்திக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்கு ரொம்பப் பெருமை இருந்தது.

வாலுவுக்கு ஏழு வயதிருக்கும்போது, எங்களிடம் வார்க்கக் கொடுக்கிற சிற்பி அம்மா ஒருவர் தன் வேலைக்கு ஒரு குழந்தையின் பாதங்கள் வேண்டும் என்றார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அச்சு எடுக்கக் கூழ் மாதிரி ஏதோ கரைத்து வைத்து, அதில் காலை விட்டு அசையாமல் நிற்கச் சொன்னார்கள். அவளாவது அசையாமல் நிற்பதாவது. "கூசுதுப்பா, கூசுதுப்பா" என்று பட்டறை முழுக்கக் கேட்கச் சிரித்தாள். மூன்று மாதம் கழித்து அந்தப் பாதங்கள் வெண்கலமாகி என் மேஜைக்கு வந்தன. அன்று தலைக்கு மேல் வேலை. இடது குதிகாலுக்கு மேலே அரிசி அளவுக்கு ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. அரத்தை எடுத்து நாலு இழுப்பு இழுத்தேன், போய்விட்டது.

அது பிசிறு இல்லை. வாலுவுக்கு நாலு வயதிருக்கும்போது என் மனைவி சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனாள். சக்கரக் கம்பியில் கால் மாட்டி, மூன்று தையல் போட்டு ஆறிய தழும்பு அது. தன்னால் வந்த காயம் என்பதால் பிள்ளையைத் தூங்க வைக்கும்போதெல்லாம் இவள் அந்தத் தழும்பைக் கட்டை விரலால் தடவிக்கொடுப்பாள். ஐந்து வருஷம் அப்படித் தடவினாள். நான் பெற்ற பிள்ளையின் காலில் இருந்தது எனக்கு அடையாளம் தெரியவில்லை. வாலு போனபிறகு முதல் தடவை இங்கே வந்து அந்த இடத்தைத் தொட்டேன். வழவழவென்று இருந்தது. அப்போதுதான் அரம் ஞாபகம் வந்தது. இவளிடம் சொல்லவில்லை. இன்று பஸ்ஸில் வரும்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்து, ஜன்னலை மூடவா என்று கேட்டேன்.

பாதங்கள் இருக்கிற தோட்டத்துக்குப் போகக் கூடத்தைத் தாண்டித்தான் வழி. கூடத்தின் பெரிய கதவுக்கு முழ நீள வெண்கலக் கைப்பிடி. "இது எங்க பட்டறை வார்ப்புதான்" என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று. அவள் தலையாட்டினாள். நேராகத் தோட்டத்துக்குப் போகாமல் உள்ளேயே ஒவ்வொரு படமாக நின்று நின்று பார்த்தாள். அவளுக்கும் பயம்தான் என்று புரிந்தது. தலையும் கையும் இல்லாத ஒரு கல் உருவத்துக்கு முன்னால் நின்றாள்.

"இதுக்குத் தலை எங்க?"

"அவ்வளவுதான் செஞ்சாங்க."

"பாதியில விட்டதுக்கா இவ்வளவு பெரிய எடம்?" என்றாள். அதைச் சொல்லிவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

தோட்டத்துக் காவல்கார அம்மாவுக்கு என்னைத் தெரியும். புல்வெளி முழுக்க 'தொடாதீர்கள்' பலகைகள் இருந்தாலும், நான் குனிகிற நேரத்தில் அவருக்கு எதிர்ப்பக்கத்து மரத்தில் ஏதாவது பார்க்க இருக்கும். இன்று இவளைப் பார்த்ததும் இன்னும் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

முழங்கால் உயரக் கருங்கல். அதன்மேல் இரண்டு சின்னப் பாதங்கள், கணுக்காலோடு சரி, மேலே ஒன்றுமில்லை. என் மனைவி பக்கத்தில் போகாமல் பெயர்ப்பலகையை வாசித்தாள்.

"கிளம்பியவள். யார் வச்ச பேரு?"

"அந்தச் சிற்பி அம்மா. வாலு இருக்கும்போதே வச்சது."

"இருக்கும்போதேவா" என்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் உட்கார்ந்தாள். முதலில் விரல்கள். சுண்டுவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறி நிற்கும், அது அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வருஷத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. பிறகு வலது கையை இடது பாதத்துக்குப் பின்னால் கொண்டுபோனாள். குனிந்து பார்க்கவில்லை. கட்டை விரலுக்கு இடம் தெரியும்.

விரல் நின்றது. கொஞ்சம் மேலே போனது, கீழே வந்தது. மறுபடி மேலே போனது. அப்புறம் வலது பாதத்துக்குப் போய் அங்கேயும் தேடியது. வெயிலில் வெண்கலம் சுட்டிருக்கும், அவள் கையை எடுக்கவில்லை.

"என்னங்க" என்றாள். "எந்தக் காலுங்க அது?"

நான் பெயர்ப்பலகையைப் பார்த்தேன்.

"இடதுன்னுதான் நெனச்சிருந்தேன். அதுவும் மறந்துடுச்சா எனக்கு? அது ஒண்ணைத்தான் பத்திரமா வச்சிருந்தேன். உங்களுக்காவது ஞாபகம் இருக்கா?"

எனக்கும் சரியாக ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கலாம். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவள் தன் கட்டை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதுதான் பொய் சொல்லிவிட்டது என்பதுபோல. என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இடதுதான். உனக்கு மறக்கல. நான்தான் ராவிட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பிசிறுன்னு நெனச்சுட்டேன்" என்றேன்.

திட்டுவாள், அடிப்பாள், இத்தனை பேர் நடுவில் கத்துவாள் என்று காத்திருந்தேன். அதற்காக ஏங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். அவள் புடவையில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். செருப்பை மாட்டினாள்.

"ராவுன தூள் எங்க?"

"என்னது?"

"தூளு. அத என்ன பண்ணுவீங்க?"

"கூட்டி அள்ளி வச்சு, அடுத்த உருக்குல சேத்துப் போட்டுருவோம். வீணாக்க மாட்டோம்."

"அடுத்து என்ன செஞ்சீங்க?"

யோசித்தேன். ஆறு சின்ன மணிகள் செய்தோம். யாரோ பெரிய மனிதரின் மார்பளவுச் சிலைக்கு மூக்கு சரியாக வராமல் மறுபடி வார்த்தோம். படகுக்கு ஏதோ ஒரு பாகம். கைப்பிடிகள். எது முதலில், எது அந்த வருஷம் என்று தெரியவில்லை. "ஞாபகம் இல்லம்மா" என்றேன். அதுதான் உண்மை. அதைச் சொல்லும்போது என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள். காவல்கார அம்மா என்னைப் பார்த்தார், நான் தலையைக் குனிந்துகொண்டு பின்னாலேயே போனேன்.

கூடத்தில் மூடுகிற நேரத்து மணி அடித்திருந்தார்கள். வெளியே போகிறவர்கள் எல்லாரும் கதவுக்கு முன்னால் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கதவு திறக்கவில்லை. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். என் மனைவி கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இழுக்கவில்லை. "வெளிய தள்ளாதீங்கம்மா, உள்பக்கமா இழுக்கணும்" என்று யாரோ பின்னாலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள். அவள் கண்ணை மூடியிருந்தாள். கட்டை விரல் மட்டும் கைப்பிடியின் மேலிருந்து கீழ்வரை, கீழிருந்து மேல்வரை, ஓரிடம் விடாமல் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது.