கத்துகிற வேலை

எங்களுக்கு இந்தச் சிறையில் கத்துகிற வேலை. ஆயுள் தண்டனைக்காரர்கள் ஐந்தாறு பேர் இருக்கிறோம். மாதம் ஒரு பஸ் நிறையப் பொடியன்களை நெவார்க் நகரத்திலிருந்து கொண்டுவந்து இறக்குவார்கள். எல்லாம் திருட்டிலும் அடிதடியிலும் மாட்டியவர்கள். மூஞ்சிக்கு நேரே நின்று அலறி, குலைநடுங்க வைத்து அன்றே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அதனால் ஒருவனாவது திருந்தினானா என்று இதுவரை எவனும் எங்களிடம் வந்து சொன்னதில்லை.

எங்களில் வெர்னல்தான் கில்லாடி. அவன் வாயைத் திறந்தால் காவலர்களே ஓரடி பின்னால் போவார்கள். அன்று வரிசையில் நின்ற ஒரு பையனைப் பார்த்ததும் அவன் என் கையை இறுக்கிப் பிடித்தான்.

"என் மகன்டா. கார்னெல். ஆறு வயசுல பாத்தது, அதே மூஞ்சி."

"காவலர்கிட்ட சொல்லி வெளிய அனுப்பிடலாமா?"

"வேணாம். இவனை நானே பயமுறுத்துறேன். இவன் இங்க வரவே கூடாது."

நேரே போய் மகன் முன்னால் நின்றான்.

"என்னடா மொறைக்கிற? ஒரு ராத்திரி உன்னை இங்க போட்டா, காலையில உங்கம்மாவுக்கே அடையாளம் தெரியாது."

அதற்கு மேல் அவன் சொன்னதையெல்லாம் கேட்டு எனக்கே காது கூசியது. பக்கத்துப் பையன்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். கார்னெல் மட்டும் அழவில்லை. பசித்தவன் சாப்பாட்டைப் பார்ப்பதுபோல அப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெர்னலின் குரல் உடைந்தது. "பயமா இல்லையாடா உனக்கு?"

"இல்லப்பா. நீ இங்க கத்துறேன்னு மாமா சொன்னாரு. அம்மா என்னைக் கூட்டிட்டு வரவே மாட்டேன்னுட்டா. அதான் கார் திருடினேன். ரெண்டு தடவை போலீஸ்ல திட்டி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மூணாவது தடவைதான் பஸ்ல ஏத்தினாங்க."

காவலர் நேரமாகிவிட்டது என்று விரட்டினார். பையன் நகரவில்லை.

"இனி திருடாதடா," என்றான் வெர்னல். கத்தவில்லை, கெஞ்சினான். "ஒருத்தனை ரெண்டாவது தடவை பஸ்ல கூட்டிட்டு வர மாட்டாங்கடா."

"தெரியும்ப்பா," என்று சிரித்தான் கார்னெல். "பதினெட்டு ஆனப்புறம் திருடினா இங்கயே போட்டுருவாங்களாம். இன்னும் ரெண்டு வருசம்தான்."