நாச்சியம்மாள் கேசட்டில் யாரும் சாகவில்லை

போத்தனூர் கிளை நூலகம் ஓட்டுக் கட்டடம். மழை வந்தால் துப்பறியும் நாவல்கள் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் குடிபோகும். மின்விசிறி காற்று கொடுப்பதைவிடச் சத்தம் போடுவதில் கெட்டி. அந்த நூலகத்தைப் பற்றித்தான் நான் பார்சல் ஆபீசுக்கு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். 1995-இல் அங்கே நடந்ததைப் பார்த்திருந்தால் நீங்களும் அடிப்பீர்கள்.

என் பெயர் மருதாசலம். ரயில்வே குமாஸ்தா. முன்கோபி என்று ஊரே சொல்லும். படித்த பேப்பரை மடிக்காமல் போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட நான் வாயை மூடிக்கொண்டு மரியாதையாக நின்றது ஒரே ஒரு ஆளிடம்தான். நூலகர் பழனாத்தாள். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள், அன்னூர்ப் பக்கத்துப் பெண்.

ஒரு நாள் சாயங்காலம் வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். பெயர் ரிஃபத். பிறவியிலேயே பார்வை இல்லை. பத்தாவது வரை பார்வையற்றோர் பள்ளி விடுதியில் தங்கி பிரெய்லில் படித்தவள். இப்போது எல்லாப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ. அந்தப் பாடங்கள் பிரெய்லில் எங்கே தேடியும் கிடைக்கவில்லையாம்.

"ஏனுங்க, நான் படிக்கற மாதிரி இங்க ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

பழனாத்தாள் திரும்பி அலமாரிகளைப் பார்த்தாள். அத்தனை ஆயிரம் புத்தகத்தில் அந்தப் பெண்ணுக்கென்று ஒன்றுகூடக் கிடையாது. நானாக இருந்தால் இல்லை என்று சொல்லி, அரசாங்கத்தை நாலு வார்த்தை திட்டி அனுப்பியிருப்பேன். பழனாத்தாள், "இன்னைக்கு இல்லை கண்ணு. திங்கக்கிழமை வா, இருக்கும்" என்றாள்.

திங்கட்கிழமை இருந்தது. ரேடியோ ரிப்பேர் கடை ரசாக் பாய் பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்து கொண்டுவந்து வைத்தார். நூலகம் மத்தியானத்தில் பூட்டியிருக்கும். அந்த நேரத்தில் கதவைச் சாத்தி, "அமைதி காக்கவும்" பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, உறுப்பினர்கள் முறை வைத்துப் பாடப் புத்தகத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும். ரெக்கார்டர் பதிவு செய்துகொள்ளும். ஜங்ஷன் பக்கத்திலேயே இருந்ததால் வண்டிச் சத்தம் கேட்டதும் பழனாத்தாள் பொத்தானை அழுத்தி நிறுத்துவாள். வண்டி போனதும் விட்ட வார்த்தையிலிருந்து ஆரம்பம். எந்த வண்டி எப்போது வரும் என்று சொல்வது என் இலாகா. பொருளாதாரப் பாடமும் என் தலையில் விழுந்தது.

"உங்க கேசட்டைக் கேட்டா பிளாட்பாரத்துல நிக்கற மாதிரியே இருக்குதுங்க சார்" என்றாள் ரிஃபத். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

பழனாத்தாள் அதோடு விடவில்லை. ஒவ்வொரு கேசட்டுக்கும் புத்தகம் மாதிரியே எண் போட்டு, முத்திரை குத்தி, டப்பாவின் மேல் தேதிச் சீட்டு ஒட்டி இரவல் கொடுத்தாள். மேலிடத்திலிருந்து சோதனைக்கு வந்த ஒருவர், "கேசட்டெல்லாம் நூல் கணக்குல வராதும்மா" என்று மூக்கைச் சுளித்தார். "இதைப் படிக்கறதுக்கு ஆள் இருக்குதுங்களே சார்" என்றாள். அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். ரிஃபத் தன் எழுத்தூசியால் கெட்டி அட்டையில் புள்ளி குத்தி ஒவ்வொரு கேசட்டுக்கும் பெயர்ச் சீட்டு செய்தாள். அலமாரியில் விரலை ஓட்டி, வேண்டியதை யார் துணையும் இல்லாமல் தானே எடுப்பாள். அதைப் பார்ப்பதற்கென்றே நான் வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பேன். இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

வரலாறு படித்தது நாச்சியம்மாள். மாவு மில் நடத்துகிறவர். மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி வெண்கலக் குரல். வாரத்துக்கு இரண்டு குடும்ப நாவல் முடித்துவிடுவார். ரிஃபத் மேல் அவருக்கு உயிர். பதிவு தொடங்கினால் முதல் வார்த்தையே "சாப்பிட்டயா கண்ணு?" என்றுதான் இருக்கும், அக்பரும் ஔரங்கசீப்பும் அதற்குப் பிறகு. ரிஃபத்துக்கும் அந்தக் குரல்தான் பிடித்தம். ஒரு தடவை கேட்டால் அப்படியே மனசில் ஒட்டிக்கொள்கிறது என்பாள்.

ஜனவரியில் பள்ளியில் மாதிரித் தேர்வு வைத்தார்கள். ரிஃபத் சொல்லச் சொல்ல, கீழ் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதினாள். எல்லாவற்றிலும் நல்ல மார்க். வரலாற்றில் மட்டும் ஃபெயில்.

அன்று மத்தியானம் நூலகத்துக்கு வந்தவள் முகம் சுண்டிப் போயிருந்தது. "பப்ளிக் பரீட்சையில ஒரு பாடம் போனாலும் படிச்சது போதும், ஊட்டுல இருன்னு அப்பா சொல்லிப்போட்டாருங்க. காலேஜ் அவ்வளவுதானுங்க" என்றாள். பிறகு, "எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகமுங்க. ஒவ்வொரு ராஜாவுக்கு அப்பறமும் மகன் வந்து உக்கார்றாரு. அப்பா எங்கீங்க போறாரு?" என்று கேட்டாள்.

பதிவின்போது எங்கள் காதெல்லாம் வண்டிச் சத்தத்தின் மேல்தான், புத்தகத்தோடு யாரும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. பழனாத்தாள் இப்போது ஒரு கையில் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேசட்டைப் போட்டாள். புத்தகத்தில் ஹுமாயூன் தன் நூலகப் படியில் தவறி விழுந்து இறந்தார். கேசட்டில் நூலகப் படியில் இறங்கினார், மறு வரியில் அக்பர் அரியணை ஏறிவிட்டார். திப்பு சுல்தான் கோட்டை வாசலில் வீரமாகச் சண்டை போட்டார், அதோடு சரி. கட்டபொம்மனைக் கயத்தாறு வரை அழைத்துப் போய் அங்கேயே விட்டிருந்தது. பஞ்சம் என்ற பேச்சே கிடையாது. இந்திய வரலாறு முழுக்க ஒரு சாவு இல்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ரிஃபத்தின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

நாச்சியம்மாளுக்கு ஆள் அனுப்பினோம். முழங்கை வரை மாவோடு வந்தார். மறுக்கவில்லை.

"அமங்கலமானதை எப்படீங்க அந்தப் புள்ள காதுல ஓதறது? அதுவும் உச்சி நேரத்துல. என்ற வாய்ச்சொல்லு பலிச்சுப்போட்டா?" என்றார். விளக்கு அணைந்துவிட்டது என்றுகூடச் சொல்லமாட்டார் அவர், குளிர வைத்துவிட்டேன் என்பார். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான், என் வீட்டிலும் அதேதான். ஆனால் பாடப் புத்தகத்திலுமா?

"ராஜா சாகாம அடுத்த ராஜா எப்படீங்க வருவான்? ரயில்வேயில மாதிரி சார்ஜ் ஒப்படைச்சுட்டு ஊட்டுக்குப் போவானா?" என்று கத்திவிட்டேன். "தள்ளுங்க. பூராத்தையும் நானே படிச்சுடறேன்."

"படிச்சுப்போடுங்க. என்ற வாயில வராதுங்க" என்று நாச்சியம்மாள் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

"வேண்டாமுங்க" என்றாள் ரிஃபத். "எனக்குள்ள ஓடறதெல்லாம் பெரீம்மா குரலுங்க. பெரீம்மா உட்டதைப் பெரீம்மாதான் சொல்லோணும்."

"உனக்கு நல்லதுன்னுதானே கண்ணு உட்டேன்."

"எல்லாரும் நல்லதுன்னுதானுங்க உடறாங்க." ரிஃபத்தின் குரல் ஏறியது. அதுவரை அவள் அப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. "பத்தாவது பரீட்சை நடக்கறப்ப எங்கம்மா மௌத்தாயிட்டாங்க. படிப்பு கெட்டுப்போகும்னு யாரும் சொல்லலீங்க. எல்லாப் பரீட்சையும் நல்லா எழுதிட்டு ஊட்டுக்குப் போறேன், அம்மா இல்லீங்க. அடக்கமெல்லாம் முடிஞ்சுபோச்சு. பார்க்கறவிங்களுக்குப் போட்டோவாச்சும் இருக்குது. நான் எங்கம்மா மூஞ்சியைக் கடைசியா ஒருக்கா தொட்டுக்கூடப் பார்க்கலீங்க பெரீம்மா. எனக்கு ஆகாதுன்னு நீங்களும் ஒண்ணொண்ணா எடுத்துப்போட்டா, நான் யாருகிட்டீங்க கேக்கறது?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன். நாச்சியம்மாள் முந்தானையில் மாவைத் துடைத்துக்கொண்டு போய் ரிஃபத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்கம்மா எப்படிக் கண்ணு செத்தாங்க?"

அந்தச் சொல்லை அவர் வாயால் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். ரிஃபத் சொன்னாள். காய்ச்சல் வந்தது, சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தது, பெரியாஸ்பத்திரிக்குப் போனது, பிறகு அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களை ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது எல்லாவற்றையும் சொன்னாள். நாச்சியம்மாள் நடுவில் ஒரு தடவைகூட "போதும் உடு கண்ணு" என்று சொல்லவில்லை. கடைசிவரை கேட்டார். இருவரும் அழுதார்கள். பழனாத்தாள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, மறுபடியும் ரெக்கார்டர் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"முதல் பாடத்துல இருந்தே போடு சாமி" என்றார் நாச்சியம்மாள் அவளிடம்.

அவர் படிக்க ஆரம்பித்தார். முதல் ராஜாவின் சாவு வந்த இடத்தில் வெண்கலக் குரல் இறங்கிவிட்டது. ரிஃபத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இறந்துபோனாருங்க" என்றார். புத்தகத்தில் "இறந்தார்" என்று மட்டும்தான் இருந்தது. சொல்லிவிட்டு, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று அவள் முகத்தையே பார்த்தார்.

"அடுத்ததுக்குப் போங்க பெரீம்மா" என்றாள் ரிஃபத்.

அதற்குப் பிறகு பரீட்சை வரை தினமும் மத்தியானம் மாவு மில் பூட்டித்தான் கிடந்தது. முணுமுணுத்த வாடிக்கையாளர்களை நான் கவனித்துக்கொண்டேன். என் வாய்க்கு அந்த வேலை சிரமமாக இல்லை. பழைய கேசட்டுகளின் மேலேயே புதிதாகப் பதிவு செய்தோம். போர்கள், பஞ்சங்கள், தூக்குமேடை, கொள்ளைநோய் எல்லாம் ஒன்று விடாமல் ஏறின. திப்புவின் சாவை நாச்சியம்மாள் படித்தபோது ரசாக் பாய் கடையை விட்டுவிட்டு வந்து நின்று கேட்டார். எத்தனையோ புத்தகக் கண்காட்சிக்கும் பெரிய பெரிய நூலகத்துக்கும் போயிருக்கிறேன். அந்த ஒழுகல் கட்டடத்தில் அன்று நடந்ததைவிட உயர்ந்த நூலக சேவையை எங்கும் பார்த்ததில்லை.

கோடையில் ரிசல்ட் வந்தது. பேப்பரில் பழனாத்தாள் விரல் வைத்து எண்ணைத் தேடினாள், நான் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். பாஸ். மார்க் சீட்டு வந்த அன்று பார்த்தால், எல்லாப் பாடத்தையும்விட வரலாற்றில்தான் அதிகம். செய்தி கேட்டு நாச்சியம்மாள் மில்லிலிருந்து ஓடிவந்தார். தலைமுடியெல்லாம் மாவு. ரிஃபத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார்.

"எல்லாரும் செத்ததைச் சரியாச் சொன்னயா கண்ணு?"

"ஒருத்தரையும் உடலீங்க பெரீம்மா."